உதுமானியப் பேரரசில் ஆங்கிலத் தூதுவர்

தூது என்பது தமிழ் மக்களுக்குப் புதியதொன்றன்று. திருவள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். அதியமான் பொருட்டு ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தி புறநானூற்றால் அறியக் கிடக்கின்றது. ஆயினும் பண்டைத் தூதன் சென்று மீள்பவன். ஓலையைக் கொடுத்து, மறுமொழியைப் பெற்றுத் திரும்பியதும் அவன் பணி முடிந்தது. வேற்றரசனின் தலைநகரிலே வீடெடுத்து, ஆண்டுக்கணக்கிற் குடியிருந்து, அங்கு நிகழ்வனவற்றைத் தன்னரசனுக்கு இடைவிடாது எழுதும் தங்குதூதுவன் பிற்காலத்தே தோன்றியவன். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய நகரரசுகளிடையே இம்முறை உருப்பெற்று, அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் பரந்தது.

அவ்வாறு தங்கிய தூதுவர் வரிசைகளுள் மிக நீண்டனவற்றுள் ஒன்று, துருக்கிச் சுல்தானின் தலைநகராகிய கொன்ஸ்தாந்திநோப்பிளில் இருந்த ஆங்கிலத் தூதுவர் வரிசையாகும். 1583 ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வரிசை, இடையிடையே சில முறிவுகள் நேர்ந்தபோதிலும், 1914 ஆம் ஆண்டின் போர்வரை நீடித்தது. வேறு நாடுகளுக்குச் சென்ற ஆங்கிலத் தூதுவருக்கு இல்லாத ஒரு விசித்திரம் இவர்களுக்கு இருந்தது. நியமனக் கடிதத்தில் முடிமன்னர் கையொப்பமிட்டார். சம்பளத்தை இலண்டன் வணிகர் கொடுத்தனர். அரசனின் பிரதிநிதியோ, வணிகரின் முகவரோ என்ற வினா இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இவர்களை விட்டு நீங்கவில்லை. ஒரு தூதுவரைச் சிறைக்கும் இன்னொருவரைக் கொலைக்களத்திற்கும் அனுப்பியது அவ்வினாவே.

பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உதுமானியப் பேரரசு மத்தியதரைக் கடலின் கீழ்ப்பாதியைத் தன் ஆணைக்குள் வைத்திருந்தது. அலெப்போவிலும் அலெக்சாந்திரியாவிலும் வந்திறங்கிய பாரசீகப் பட்டும் கீழைத்தேசச் சரக்குகளும் வெனிசு வணிகர் வழியாகவே மேற்கைச் சேர்ந்தன. சுல்தானின் துறைமுகங்களில் வியாபாரம் செய்ய விரும்பிய ஏனைய மேல்நாட்டார் பிரான்சின் கொடியை ஏற்றியே செல்லவேண்டும் எனப் பிரெஞ்சுத் தூதுவர் வாதாடி வந்தனர். அந்தோனி ஜென்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1553 ஆம் ஆண்டில் அலெப்போவிலே சுலைமான் சுல்தானிடம் வியாபார அனுமதி ஒன்று பெற்றாராயினும் அது நிலைக்கவில்லை.

எட்வேட் ஒஸ்போன், ரிச்சட் ஸ்டேப்பர் என்னும் இலண்டன் வணிகர் இருவர் இம்முயற்சியை மீண்டும் கையிலெடுத்தனர். இவர்களின் முகவராக வில்லியம் ஹார்போன் 1578 ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, கடல் வழியைத் தவிர்த்துப் போலந்தினூடாகத் தரைவழியே கொன்ஸ்தாந்திநோப்பிளை அடைந்தார். அப்பொழுது அவர் தூதுவரல்லர். தம் சரக்கை விற்க இடந்தேடிய வணிகரே. அவருடைய சாதுரியத்தால் அடுத்த ஆண்டிலேயே மூன்றாம் முராத் சுல்தானுக்கும் எலிசபெத்து மகாராணிக்கும் இடையே கடிதப் போக்குவரத்துத் தொடங்கியது. 1580 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆங்கிலேயருக்கெனத் தனியான சலுகைப் பட்டயம் ஒன்றைச் சுல்தான் அருளினார். மறு ஆண்டில், பீற்றர் பேக்கர் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் மத்தியதரைக் கடலிற் செய்த கொள்ளையால் அப்பட்டயம் செல்லாதாயிற்று. ஹார்போனும் வெறுங்கையோடு திரும்பினார்.

ஆயினும் இலண்டனில் ஊக்கம் குன்றவில்லை. 1581 ஆம் ஆண்டு செப்தெம்பரில் மகாராணி துருக்கிக் கும்பனிக்கு அரச பட்டயம் வழங்கினார். 1592 ஆம் ஆண்டில் அது வெனிசுக் கும்பனியோடு இணைந்து லெவாந்துக் கும்பனி எனப் பெயர் பெற்றது. கும்பனியின் செலவில், மகாராணியின் நியமனக் கடிதத்தோடு, ஹார்போன் 'சூசன்' என்னும் கப்பலில் மீண்டும் புறப்பட்டு, 1583 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முதலாவது ஆங்கிலத் தூதுவராக வந்திறங்கினார். விலையுயர்ந்த மணிக்கூடு ஒன்றும், வெள்ளிப் பாத்திரங்களும், செந்நிறச் சட்டை அணிவித்த வேட்டை நாய்களும் அவர் கொணர்ந்த காணிக்கைகளுட் சில. பிரெஞ்சுத் தூதுவரும் வெனிசுத் தூதுவரும் அவரை வெறும் வியாபாரி எனத் தூற்றினர். அது பொய்யன்று, எனினும் பட்டயம் புதுப்பிக்கப்பட்டது.

சுல்தானின் அவை புரொட்டஸ்தாந்து அரசியொருவரின் தூதுவரை ஏற்றதற்குக் காரணம் வியாபாரம் மாத்திரமன்று. எலிசபெத்து 1570 ஆம் ஆண்டிற் பாப்பரசராற் சபைநீக்கம் செய்யப்பட்டவர். துருக்கியருக்கு உலோகம் விற்றல் ஆகாதென்ற கத்தோலிக்கத் தடை அவருடைய வணிகரைக் கட்டுப்படுத்தவில்லை. கம்பளித் துணியோடு வெள்ளீயமும், கலைக்கப்பட்ட துறவிமடங்களின் உடைந்த மணிகளின் உலோகமும் கிழக்கே சென்றன. மணி வார்த்த உலோகமே பீரங்கி வார்க்கவும் உதவுவது. இருவருக்கும் பொதுப்பகைவன் ஸ்பானியா. அந்நாட்டின் மீது சுல்தானின் கடற்படையை ஏவிவிடுமாறு மகாராணியின் அமைச்சர் வால்சிங்காம் ஹார்போனுக்கு எழுதினார். ஹார்போனும் இயன்றவரை முயன்றார். பாரசீகத்தோடு 1578 முதற் போர் புரிந்துகொண்டிருந்த துருக்கியர் இன்சொற் பல கூறினரேயன்றி ஒரு கப்பலையும் அனுப்பவில்லை. 1588 ஆம் ஆண்டில், ஆர்மடாப் படை இங்கிலாந்தை அணுகிய அதே கோடையில், ஹார்போன் பதவியை விட்டு நாடு திரும்பினார்.

அவருக்குப் பின் வந்த எட்வேட் பார்ட்டன் துருக்கி மொழியைக் கற்றறிந்தவர். இவ்வரிசையிலே அவ்வாறு கற்றவர் மிகச் சிலரே. மூன்றாம் மெஹ்மத் சுல்தான் 1596 ஆம் ஆண்டில் ஹங்கேரி மீது படையெடுத்தபோது பார்ட்டனும் உடன் சென்றார். கிறித்தவ அரசியின் தூதுவர் ஒருவர் முகமதியப் படையோடு சேர்ந்து கிறித்தவ நாட்டின் மீது சென்றார் என்ற பழி ஐரோப்பாவெங்கும் பரவியது. மகாராணிக்கும் அதற்கு விடையிறுக்க நேர்ந்தது. சிறையிலிருந்த ஜேர்மன் சக்கரவர்த்தியின் தூதுக்குழுவினரை விடுவித்து அழைத்துச் செல்ல அப்பயணத்தைப் பார்ட்டன் பயன்படுத்தினார் என்பதை அப்பழி கூறியோர் மறந்தனர். போர்முனையினின்று மீண்டபின் அவர் நெடுநாள் வாழவில்லை. தலைநகருக்கு அணித்தாயுள்ள ஹெய்பெலி என்னும் சிறு தீவிற் புதைக்கப்பட்டார்.

புதிய தூதுவர் ஒருவர் தம் நியமனக் கடிதத்தைக் கொடுக்கும்போது காணிக்கை தருதல் கட்டாயமான வழக்கம். இங்கிலாந்து அதனை அன்பளிப்பு என்றது. துருக்கியர் பலர் அதனைத் திறையாகவே கருதினர். ஹென்றி லெலோவுக்காக 1599 ஆம் ஆண்டில் 'ஹெக்டர்' என்ற கப்பலில் வந்த காணிக்கை, தானாக இசைக்கும் ஓர்கன் வாத்தியம். மணிக்கூடும், அசையும் பதுமைகளும், உச்சியிலே புதரிலிருந்து பாடும் பறவைகளும் பொருந்திய அந்தப் பொறியைச் செய்தவர் தோமஸ் டலம் என்னும் கைவினைஞர். நெடுங்கடற் பயணத்தின் வெம்மையால் அதன் ஒட்டுக்கள் விட்டுப்போயின, குழல்கள் நசுங்கின. தூதுவர் மனமிடிந்தார். டலம் அதனைப் பழுதுபார்த்து அரண்மனையிலே நிறுவி, சுல்தான் முன் தம் கையாலேயே வாசித்துப் பொற்காசுகள் பெற்றார். அங்கேயே தங்குமாறு அவரை வற்புறுத்தினர். ஊரிலே மனைவி மக்கள் உளர் எனப் பொய் கூறி அவர் தப்பினார். இத்தனையும் டலம் எழுதிய நாட்குறிப்பால் அறியப்படுவன. சுல்தானுக்கு மிக அண்மையில் நின்று அவரை உவப்பித்தவர், அரசியின் கடிதத்தோடு வந்த தூதுவரல்லர், வாத்தியம் செய்த தொழிலாளியே என்பது அந்நாட்குறிப்பைப் படிப்போருக்குப் புலனாகும்.

கீழைத்தேச மாணவர் இங்கு நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1600 ஆம் ஆண்டில் அமைந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியைத் தொடக்கியோருட் பலர் லெவாந்துக் கும்பனியின் வணிகரே. சுல்தானுக்கு ஓர்கனைச் சுமந்து சென்ற அதே 'ஹெக்டர்' கப்பல், 1601 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லங்காஸ்ரரின் தலைமையிற் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்ட முதற் கப்பற்கூட்டத்தில் இடம்பெற்றது. ஆளும் ஒன்று, முறையும் ஒன்று: வணிகர் செலவு செய்வர், அரசன் பெயர் கொடுப்பான். ஜஹாங்கீரின் அவையில் 1615 முதல் 1619 வரை இருந்த சேர் தோமஸ் ரோவும் இவ்வகைத் தூதுவரே. அவரே பின்னர் 1621 ஆம் ஆண்டிற் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு அனுப்பப்பட்டு ஏழாண்டுகள் அங்கிருந்தார். பழைய கிரேக்க விவிலியக் கையெழுத்துப் பிரதிகளுட் சிறந்ததாகிய அலெக்சாந்திரியப் பிரதி, கிரேக்க மதகுரு சிறில் லூக்காரிசிடமிருந்து ரோவின் வழியாகவே இங்கிலாந்து மன்னருக்குக் கிடைத்தது.

தூதுவர் சுல்தானைக் கண்ட முறையும் அறியத்தக்கது. யனிச்சாரிப் படைக்குச் சம்பளம் வழங்கும் நாளையே பெரும்பாலும் அதற்குத் தெரிந்தெடுத்தனர். பணப்பைகள் குவிந்து கிடப்பதையும், ஆயிரக்கணக்கான போர்வீரர் ஒலியின்றி நிற்பதையும் அந்நியர் காணவேண்டுமென்பது கருத்து. பின்னர் தூதுவருக்கு உணவு அளித்து, மேலங்கி போர்த்தி, இரு காவலர் அவருடைய கைகளை இறுகப் பற்றிச் சுல்தான் முன் நடத்திச் சென்றனர். 1389 ஆம் ஆண்டிற் கொசோவோப் போர்க்களத்தில் முதலாம் முராத் கொலையுண்டமையால் இவ்வழக்கம் எழுந்ததென்பர். சுல்தான் வாய்திறந்து பேசுதல் அரிது. பேரரசுகளிடையே போர் மூண்டால் அப்பேரரசின் தூதுவரை ஏழு கோபுரக் கோட்டையிற் சிறைவைத்தலும் துருக்கியர் வழக்கம். 1768 ஆம் ஆண்டில் உருசியத் தூதுவர் ஒப்ரெஸ்கோவுக்கு அக்கதி நேர்ந்தது.

ஆங்கிலத் தூதுவருக்கு வந்த ஆபத்து வேறு திசையினின்று வந்தது. கும்பனியார் தம் பணத்திற் சம்பளம் பெறுபவரைத் தாமே தெரிய விரும்பினர்; முதலாம் சாள்ஸ் மன்னர் தமக்கு வேண்டியவரை நியமித்தார். 1638 ஆம் ஆண்டிற் பதவியேற்ற சேர் சாக்வில் குரோ வணிகருக்கு உவப்பில்லாதவர். இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்திற்கும் இடையே உள்நாட்டுப்போர் மூண்டது; மன்னர் பக்கம் நின்ற குரோ, கும்பனி தமக்குப் பணம் தரவேண்டுமெனக் கூறி, 1646 ஆம் ஆண்டிற் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் சிமிர்னாவிலும் ஆங்கில வணிகரின் பொருளைத் துருக்கி அதிகாரிகளின் துணையோடு பறிமுதல் செய்து, வணிகரையும் சிறைப்படுத்தினார். தம் குடிகளைக் காக்க அனுப்பப்பட்டவர் தம் குடிகளையே அந்நிய அரசின் கையாற் சிறையிட்டார்! அடுத்த ஆண்டில் வந்த சேர் தோமஸ் பெண்டிஷ் அவரைப் பலவந்தமாகக் கப்பலேற்றி அனுப்பினார். இலண்டன் கோபுரச் சிறை குரோவை வரவேற்றது.

இதனினும் கொடியது சேர் ஹென்றி ஹைட்டின் கதை. சாள்ஸ் மன்னர் 1649 ஆம் ஆண்டிற் சிரச்சேதம் செய்யப்பட்டபின், நாடு கடந்திருந்த அவர் மைந்தரின் பெயரால் ஹைட் 1650 ஆம் ஆண்டிற் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு வந்து, தாமே உண்மையான தூதுவர் என உரிமை கோரினார். ஒரே நகரில் இரு தூதுவர். இவருள் இங்கிலாந்து என்று சொல்லத்தக்கவர் யார்? அரசுரிமை மன்னன் குருதிவழிச் செல்வதா, பாராளுமன்றத்தைச் சார்ந்ததா என்று இலண்டனில் வாளால் வாதிக்கப்பட்ட வினா, ஒன்றுமறியாத துருக்கிய மந்திரியின் முன் தீர்ப்புக்காக வந்து நின்றது. மந்திரி சட்ட நூல்களை நாடவில்லை. வணிகர் எவர் பக்கம் நின்றனர் என்பதை நோக்கினார். ஹைட் பெண்டிஷிடம் ஒப்படைக்கப்பட்டு, சிமிர்னா வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1651 ஆம் ஆண்டு மார்ச்சு 4 ஆம் நாள், இலண்டனில் வணிகர் கூடும் அரச வாணிக மன்றத்தின் வாயிலிலே அவருடைய தலை வெட்டப்பட்டது. கொலைக்களத்துக்கு அவ்விடம் தெரிந்தெடுக்கப்பட்டதன் பொருள் நகர வணிகருக்கு விளங்காமல் இராது.

முடியாட்சி மீண்ட பின் வந்தோருள் வின்செல்சி பிரபுவின் பெயரைக் காட்டிலும் அவர் செயலாளர் போல் ரைக்கோவின் பெயரே நிலைத்தது. உதுமானியப் பேரரசின் நிலையைப் பற்றி ரைக்கோ எழுதிய நூலை ஐரோப்பியர் நெடுங்காலம் ஆதாரமாகக் கொண்டனர். 1674 ஆம் ஆண்டில் வந்த சேர் ஜோன் பின்ச் வைத்தியக் கல்வி பெற்றவர். பிசா நகரில் உடற்கூற்றியற் பேராசிரியராக இருந்தவர். மறு ஆண்டில் அவர் பெற்ற பட்டயம் பின்னைய காலம் முழுவதற்கும் அடிப்படையாயிற்று. இங்கிலாந்து மன்னரின் அடுக்களைக்கென ஆண்டுதோறும் இரு கப்பல் நிறைய அத்திப்பழமும் உலர்ந்த திராட்சையும் ஏற்றிச் செல்லலாம் என்ற விதியும் அக்காலத்து ஆங்கிலேயர் பெற்ற சலுகைகளுள் ஒன்று. இரு கப்பல் பழத்தையும் உண்ணக்கூடிய அரசர் உலகில் இருந்திலர். அது வணிகரின் அடுக்களை என்பதைச் சுல்தானின் அதிகாரிகளும் அறிந்திருப்பர். பின்சின் உயிர்த்தோழர் தோமஸ் பேன்ஸ் 1681 ஆம் ஆண்டில் அங்கு இறந்தார். அவருடலைத் தாய்நாட்டிற்கு எடுத்துச் சென்ற பின்ச் மறு ஆண்டில் தாமும் இறந்தார். கேம்பிரிட்ஜில் அவர்கள் பயின்ற கிறைஸ்ற் கல்லூரி ஆலயத்தில் இருவரும் ஒருங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

வியன்னா முற்றுகை 1683 ஆம் ஆண்டில் முறியடிக்கப்பட்டபின் துருக்கியின் நிலை மாறியது. தூதுவரின் நிலையும் மாறியது. தோற்ற அரசுக்கு நடுவர் தேவைப்பட்டனர். 1699 ஆம் ஆண்டு கார்லோவிற்ஸ் சமாதானத்தைப் பேசி முடித்தவர்களுள் ஆங்கிலத் தூதுவர் பேஜற் பிரபு முதன்மையானவர். ஒல்லாந்தத் தூதுவர் கொல்யர் அவருக்குத் துணை நின்றார். ஹங்கேரியின் பெரும்பகுதியைத் துருக்கி அதனால் இழந்தது. கைகளைப் பற்றி நடத்திச் செல்லப்பட்டவரின் வழிவந்தோர் எல்லைக்கோடு வரையும் நிலையை அடைந்தனர்.

எட்வேட் வேர்ட்லி மொன்ரேகு 1717, 1718 ஆம் ஆண்டுகளில் அங்கிருந்தார். தூதுவர் என்ற முறையில் அவர் தோல்வியுற்றவர், விரைவிலேயே திருப்பியழைக்கப்பட்டார். அவர் மனைவி மேரி சீமாட்டியோ, இவ்வரிசையிலுள்ள தூதுவர் எல்லோரிலும் பெரும்பயன் விளைத்தவர் எனல் மிகையாகாது. அம்மை நோயால் தம் முகவழகை இழந்தவரும் அந்நோய்க்குத் தம் சகோதரரைப் பறிகொடுத்தவருமாகிய அவர், துருக்கி நாட்டு முதியபெண்கள் அம்மைப்பாலைக் கீறலிற் செலுத்தி நோய் வாராமற் காப்பதைக் கண்டார். 1718 ஆம் ஆண்டு மார்ச்சில் தம் மகனுக்கு அவ்வாறு குத்துவித்தார். 1721 ஆம் ஆண்டில் இலண்டனிலே மகளுக்கும் செய்வித்து, வைத்தியரின் எதிர்ப்பையும் பாராது அம்முறையைப் பரப்பினார். ஜென்னர் பசுவம்மைப் பாலைப் பயன்படுத்தியது 1796 ஆம் ஆண்டிலேயே. அரசுகள் அனுப்பிய எத்தனையோ கடிதங்கள் சுவடிச்சாலைகளிற் கிடக்க, 1763 ஆம் ஆண்டில் வெளிவந்த அச்சீமாட்டியின் கடிதங்களே இன்றும் விரும்பிப் படிக்கப்படுகின்றன.

இத்தூதுவர் எல்லோருக்கும் பொதுவான குறை மொழியறியாமை. அவர்களுக்கும் சுல்தானின் அமைச்சருக்கும் இடையே நின்றவர் 'திரகோமன்' எனப்பட்ட துவிபாஷிகள். சென்னையிலே கும்பனியாருக்கும் நாட்டவருக்கும் இடையே நின்ற துபாஷிகளைப் போன்றவரே இவர். பேரா என்னும் பகுதியில் வாழ்ந்த பிசானி போன்ற சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்தன. அவர்களுட் பலர் சுல்தானின் குடிகள். தூதுவரின் கடுஞ்சொல்லை அப்படியே மொழிபெயர்த்தால் தண்டனை தூதுவருக்கன்று, தமக்கே வரும் என்பதை அறிந்திருந்தமையால் அச்சொல்லை வழியிலேயே மென்மையாக்கி விடுவர். இரு பக்கத்து இரகசியங்களும் அவர்கள் வீட்டில் ஒன்றாயின. துவிபாஷிக்கு வரிவிலக்குப் பத்திரம் பெற்றுக் கொடுக்கும் உரிமை தூதுவருக்கு இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அப்பத்திரங்களை மொழிபெயர்ப்போடு ஒரு தொடர்புமற்ற செல்வருக்கு விற்றுத் தூதுவர் பலர் பொருளீட்டினர். இவ்விழிசெயலில் ஆங்கிலேயர் மாத்திரமன்றி ஏனையோரும் ஈடுபட்டனர் என்பது உண்மையே. அதனாற் குற்றம் குறைவதில்லை.

துருக்கியோ இருநூற்றுப் பத்து ஆண்டுகள் இலண்டனில் நிலையான தூதுவரை வைத்திருக்கவில்லை. பிறர் தன்னிடம் வருவதே முறை, தான் பிறரிடம் செல்வது சிறுமை எனச் சுல்தானின் அவை எண்ணியது. 1793 ஆம் ஆண்டில் யூசுப் ஆகா எபெந்தி இலண்டன் சென்றபோது அவ்வெண்ணம் மாறியது. வேற்றுநாடொன்றிலே தங்கிய முதலாவது உதுமானியத் தூதுவர் அவரே. அதற்கிடையில் ஐரோப்பாவிலே ஆலைகளும் படைப்பயிற்சியும் கப்பற்கலையும் எவ்வளவு மாறின என்பதை நேரிற் கண்டு எழுத ஒருவருமின்றிப் போயிற்று. துருக்கியின் தளர்ச்சிக்கு ஆசிரியர்கள் காட்டும் காரணங்கள் பல. தன் கண்ணைத் தானே மூடிக்கொண்ட இப்பெருமிதத்தையும் அவற்றோடு சேர்த்தல் தகும்.

நெப்போலியன் 1798 ஆம் ஆண்டில் எகிப்தின் மீது பாய்ந்தபோது இங்கிலாந்தும் துருக்கியும் நட்பாயின. அந்த நட்பின் நிழலில் வந்த எல்ஜின் பிரபு, ஏதென்சிலுள்ள பார்த்தினன் கோயிலின் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1801 ஆம் ஆண்டில் தமக்குக் கிடைத்த அனுமதியை அவர் ஆதாரங் காட்டினார். அதன் இத்தாலிய மொழிபெயர்ப்பே எஞ்சியுள்ளது. 1816 ஆம் ஆண்டில் அச்சிற்பங்களை 35,000 பவுணுக்கு அரசாங்கம் வாங்கிப் பிரித்தானிய நூதனசாலையில் வைத்தது. ஆண்ட அரசன் கொடுத்தான் என்று சொல்லலாம். கோயிலின் மக்களை எவரும் கேட்கவில்லை.

1804 ஆம் ஆண்டில் தூதுவரின் சம்பளத்தை முடியரசு தானே ஏற்றது. 1825 ஆம் ஆண்டில் லெவாந்துக் கும்பனியும் கலைந்தது. வணிகரின் முகவர் என்ற பெயர் நீங்கியது. வணிகரின் நன்மையோ முன்னிலும் வலிமையுடையதாயிற்று. பொன்சன்பி பிரபு 1838 ஆம் ஆண்டிற் பால்தா லிமானிலே முடித்த ஒப்பந்தம் துருக்கியின் உள்நாட்டு வியாபாரத் தனியுரிமைகளை ஒழித்து, ஆங்கிலச் சரக்கின் மீதான தீர்வையை நூற்றுக்கு ஐந்தாகக் கட்டுப்படுத்தியது. தன் சுங்கத்தைத் தானே உயர்த்தும் உரிமையை ஓர் அரசு இழந்தது. லங்காசயர் ஆலைத்துணி வந்து குவிந்தபோது நாட்டு நெசவாளர் பட்ட துன்பம் இந்தியாவின் வரலாற்றை அறிந்தோருக்கு விரித்துரைக்க வேண்டாதது.

இவ்வரிசையிற் பெரும்புகழ் பெற்றவர் ஸ்ட்ரட்போர்ட் கன்னிங். 1810 ஆம் ஆண்டில், இருபத்துமூன்று வயதில், தலைவர் விட்டுச்சென்ற பொறுப்பை அவர் ஏற்றார். இலண்டனிலிருந்து அறிவுரை வருவது அரிதாக இருந்த காலம் அது. உருசியாவும் துருக்கியும் 1812 ஆம் ஆண்டு மே மாதத்திற் புக்காரெஸ்ட்டில் சமாதானம் செய்ய அவர் உதவினார். நெப்போலியன் மொஸ்கோ நோக்கிப் புறப்படுமுன் உருசியப் படையொன்று அதனால் விடுபட்டது. 1842 முதல் 1858 வரை, சிறிய இடைவெளிகளோடு, அவர் மீண்டும் அங்கு ஆட்சி செலுத்தினார். ஆட்சி என்பதே பொருத்தமான சொல். அமைச்சர் பதவியிழந்ததும் பதவி பெற்றதும் அவர் முகக்குறிப்பாலென்பர். இஸ்லாத்தினின்று மீண்டும் கிறித்தவத்துக்குச் சென்ற ஓர் ஆர்மீனிய இளைஞன் 1843 ஆம் ஆண்டிற் கொல்லப்பட்டபோது, இனி அத்தகைய கொலைத்தண்டனை நடைபெறாதென்ற வாக்குறுதியை மறு ஆண்டிற் சுல்தானிடம் அவர் பெற்றார். செயல் நல்லதே, ஆயினும் அதனை வேற்றரசனின் தூதுவர் செய்விக்க நேர்ந்தது அப்பேரரசின் நிலைக்குச் சான்று. கிறிமியப் போருக்கு அவரே காரணர் என்ற பழி முழுதும் நியாயமானதன்று. 1853 ஆம் ஆண்டில் உருசியாவின் மென்ஷிக்கோவ் கொணர்ந்த கோரிக்கை எந்தச் சுல்தானும் ஏற்கக்கூடாதது. விட்டுக்கொடாதிருக்கும்படி துருக்கியருக்கு ஊக்கமளித்தவர் கன்னிங் என்பதும் மறுக்கமுடியாதது. 'பெரிய எல்ச்சி' என்பது அவருக்கே உரிய விருதுப்பெயர் என ஆங்கில நூல்களைப் படிப்போர் மயங்குவர். துருக்கி மொழியில் அது எந்த முழுத்தரத் தூதுவருக்கும் பொதுவான பெயர்.

இலங்கையரும் அறியவேண்டிய ஒருவர் 1877 முதல் 1880 வரை தூதுவராயிருந்த சேர் ஒஸ்டின் ஹென்றி லேயார்ட். அவர் தந்தையார் இலங்கைச் சிவில் சேவையிற் பணிபுரிந்தவர். இலங்கையில் வேலை தேடும் எண்ணத்தோடு லேயார்ட் 1839 ஆம் ஆண்டில் எட்வேட் மிற்போர்ட் என்னும் நண்பரோடு தரைவழியே புறப்பட்டார். வழியில் மோசூலுக்கு அருகே மண்மேடுகளைக் கண்டார். அவற்றின் நினைவு அவரை விடவில்லை. பாரசீகத்தில் நண்பர்கள் பிரிந்தனர். மிற்போர்ட் இலங்கைக்கு வந்து சேர்ந்து இங்குச் சிவில் சேவையில் அமர்ந்தார்; லேயார்ட் திரும்பிவிட்டார். 1845 ஆம் ஆண்டிற் கன்னிங் தம் கைப்பணம் 60 பவுண் கொடுத்து அவரை அகழ்வாராய்ச்சிக்கு அனுப்பினார். அசீரிய அரண்மனைகள் வெளிவந்தன. எழுத்தராகவோ நீதிபதியாகவோ யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் ஆயுளைக் கழித்திருக்கக்கூடியவர், முப்பது ஆண்டுகளின் பின் அதே பேரரசிற்குத் தூதுவராகச் சென்றார். 1878 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆம் நாள் சைப்பிரசுத் தீவின் நிருவாகத்தை இங்கிலாந்துக்கு மாற்றிய உடன்படிக்கையில் அவர் கையொப்பமிட்டார். நட்பின் பெயரால் நண்பனின் தீவைப் பெற்றுக்கொண்ட அச்செயலை அகழ்வாராய்ச்சியாளர் லேயார்டின் புகழோடு சேர்த்தெண்ண முடியவில்லை.

பின்வந்தோரைப் பற்றி விரிப்பதற்கு அதிகமில்லை. டபரின் பிரபு 1884 ஆம் ஆண்டில் அங்கிருந்தே இந்தியாவின் இராசப்பிரதிநிதியாகச் சென்றார். சேர் நிக்கலஸ் ஓகொனர் 1908 ஆம் ஆண்டிற் பதவியிலிருக்கையிலேயே இறந்தார். ஜேர்மனியின் செல்வாக்கு மேலோங்கியது. சேர் லூயி மலெற் 1914 ஆம் ஆண்டு நவம்பரிற் போர் மூண்டபோது தூதகத்தைப் பூட்டிவிட்டு வெளியேறினார். அதற்கு முன்னரே, செப்தெம்பரில், சலுகைப் பட்டயங்கள் அனைத்தையும் துருக்கி அரசு தானாகவே செல்லாதனவாக்கியிருந்தது. முராத் சுல்தான் தம் வலிமையின் உச்சத்தில் ஒரு தொலைநாட்டு அரசிக்கு இரங்கிக் கொடுத்த சலுகையே அவர் வழிவந்தோருக்கு விலங்காயிற்று. ஆங்கிலேயரிடையே எழும் வழக்கைத் துருக்கி நீதிமன்றம் விசாரித்தலாகாது, அவர்மீது புதிய வரி விதித்தலாகாது என்ற விதிகள் 1580 இல் விருந்தினனுக்குக் காட்டிய ஆதரவு. 1900 இல் அவை வீட்டுக்காரனின் கையைக் கட்டிய கயிறு. 1923 ஆம் ஆண்டு ஜூலை 24 ஆம் நாள் லோசான் உடன்படிக்கையில் ஏனைய அரசுகளும் அவற்றின் ஒழிவை ஏற்றன.

குடியரசு அங்காராவைத் தலைநகராக்கியபோது ஆங்கிலத் தூதுவர் உடனே அங்குச் செல்ல உடன்படவில்லை. தூதக மாளிகையை விட்டு அனத்தோலியப் புழுதியிற் குடியேற மனமின்றிச் சில ஆண்டுகள் இஸ்தான்புலிலேயே இருந்து, வேண்டியபோது புகைவண்டியிற் சென்று வந்தார். முஸ்தபா கமாலின் அரசு அவர்பொருட்டுத் தலைநகரை நகர்த்தவில்லை. இறுதியில் தூதுவரே நகர்ந்தார்.

1939 முதல் 1944 வரை அங்காராவில் இருந்தவர் சேர் ஹியூ நச்புல் ஹியூகெசன். நேசநாடுகளின் பக்கம் துருக்கியை இழுப்பது அவருக்கு இடப்பட்ட பணி. துவிபாஷிகளின் காலம் அப்போது முடிந்திருந்தது. தூதுவருக்கு உடை எடுத்துக் கொடுக்கும் பணியாளாக எலியேசா பாஸ்னா என்பவர் அமர்ந்தார். எசமானர் குளிக்கும்போதும் உறங்கும்போதும் பெட்டியின் திறவுகோலை எடுத்து, இரகசியக் கடிதங்களைப் புகைப்படம் பிடித்து, 1943 ஆம் ஆண்டின் பிற்பகுதி முதற் சில மாதங்கள் ஜேர்மன் தூதகத்துக்கு விற்றார். 'சிசரோ' என அவருக்கு ஜேர்மனியர் புனைபெயரிட்டனர். பேர்லினோ அவற்றைப் பெரும்பாலும் நம்பவில்லை. பாஸ்னாவுக்குக் கிடைத்த ஏறத்தாழ மூன்று இலட்சம் பவுணிற் பெரும்பகுதி ஜேர்மனியர் அச்சிட்ட கள்ளநோட்டு. போரின் பின் அதனை முதலாக வைத்து வியாபாரம் தொடங்கச் சென்றபோதே அவர் அதனை அறிந்தார்.